கொப்பரைத் தராசில் ஏறிய நிலாக்கலம்

சிறிய செயற்கைக்கோள் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். கேட்டவர்கள் என்னைப் பற்றிச் சரியாக விசாரிக்கவில்லை என்று நினைக்கிறேன். என் கையால் செய்து நிலாவுக்குப் போன பொருள் எதுவும் கிடையாது. தரையை விட்டு நான் உயரே அனுப்பியது ஒரே ஒரு கம்ப்ரசர் மூடி. அது அழுத்தம் தாங்காமல் பறந்து, பக்கத்துத் தோட்டத்து மாட்டுக் கொட்டகையின் ஓட்டை உடைத்துக்கொண்டு தீவனத் தொட்டியில் போய் மிக மென்மையாகத் தரையிறங்கியது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோட்டக்காரர் மட்டும் அடுத்த பொங்கல்வரை என்னோடு பேசவில்லை. இந்த முன்அனுபவத்தை நம்பித்தான் என்னை விண்வெளி வேலைக்கு எடுத்தார்கள்.

ஆகவே அறிவுரை எதுவும் என்னிடம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். பயன்படுகிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால், பம்பு மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். அதன் முதலாளிக்கு எங்கிருந்தோ நிலா ஆசை வந்துவிட்டது. வந்த காரணம் நியாயமானதுதான். பெரிய செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு போகும் ராக்கெட்டில், ஓரமாகக் கொஞ்சம் இடமும் தூக்கும் சக்தியும் மிஞ்சும். அந்த மிச்சத்தில் ஒரு சின்னக் கலம் தொற்றிக்கொண்டு மேலே போய், பிறகு சொந்த எஞ்சினால் மெல்ல மெல்ல நிலாவரை நகர்ந்து போகலாம். டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவது போலத்தான். ஆனால் படிக்கட்டில் தொங்குகிறவன் கட்டிலையும் பீரோவையும் கூட எடுத்துக்கொண்டு போக முடியாது. அதுதான் கதையே.

அப்படி ஒரு கலத்தின் மாதிரியைச் செய்து காட்டும்படி விண்வெளித் துறையினர் எங்களைப் போன்ற சில தொழிற்சாலைகளைக் கேட்டிருந்தார்கள்; அதைப் பார்க்க ஓர் ஆய்வுக் குழுவும் வரும். உள்ளே போக வேண்டியதெல்லாம் உண்மையாகவே உள்ளே இருக்க வேண்டும். எரிபொருள் நீங்கலாக அறுபது கிலோ. அதற்கு மேல் போனால் படிக்கட்டிலும் இடமில்லை.

எங்கள் குழுவில் முக்கியமானவர்கள் மூன்று பேர். கலத்தின் உடம்பைச் செய்தவர் ராஜேந்திரன். பல வருடங்கள் பம்பு உடம்பு வரைந்தவர். எங்கள் பக்கத்தில் பம்பு வாங்க வருகிற விவசாயி முதலில் அதை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். தோள் இறங்கினால் நல்ல சரக்கு, இறங்காவிட்டால் ஏமாற்று வேலை. அந்தத் தோளை மனதில் வைத்தே வரைந்து பழகிய கை ராஜேந்திரனுடையது.

இரண்டாவது ஆள் கலைச்செல்வி, உடுமலைப்பேட்டைக்காரர். மோட்டார் ஓடுகிறதா, ஓடவில்லையா என்று சோதிக்கும் மேசையில் இருந்தவரை, ரேடியோ தெரியும் என்று இந்த வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். அவர் செய்தது ஒரு பெட்டி. சூடு, குளிர் எதற்கும் மாறாமல் ஒரே சீராக ரேடியோ அலை அனுப்பும் பெட்டி. அது இந்தக் கலத்தில் போனால் அவர் எங்களோடு இருப்பார். போகாவிட்டால் திரும்ப அந்த மேசைக்கே போய், மோட்டார் ஓடுகிறதா ஓடவில்லையா.

மூன்றாவது ஆள் நான். எல்லோருடைய பாகங்களையும் ஒன்றுசேர்ப்பதும் எடையைக் கூட்டுவதும் என் வேலை. கூட்டல் எனக்கு ஓரளவு வரும்.

அந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். நிலா எல்லா இடத்திலும் ஒரே கனமாக இல்லை. சில இடங்களில் தரைக்கடியில் கனம் அதிகம். அதன் மேலே பறக்கும் கலத்தை அது கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், கலத்தின் வேகம் மாறும். கூவிக்கொண்டே வரும் ரயில் நம்மைத் தாண்டும்போது கூவல் மாறுகிறதல்லவா, அதேபோல் கலம் அனுப்பும் அலையும் இங்கே தரையில் மாறிக் கேட்கும். அதை வைத்து நிலாவில் எங்கே கனம், எங்கே லேசு என்று வரைபடமே போட்டுவிடலாம். பின்னால் வரப்போகிற பெரிய கலங்களுக்கு அது தெரியாவிட்டால், தாழப் பறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு விழுந்துவிடும்.

முதலாளிக்கு இது பிடிபடவில்லை. அவர் தன் பங்குக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்திருந்தார். நல்ல கேமரா. பெட்டியைப்போல இரண்டு மடங்கு கனம்.

ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின நாள் காலையில் நான் காகிதத்தில் எல்லாவற்றையும் கூட்டினேன். அறுபத்து மூன்று வந்தது. பயந்துபோய் மறுபடி கூட்டினேன். அறுபத்து மூன்றரை. மூன்றாம் தடவை கூட்டத் தைரியம் வரவில்லை.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க சுந்தரம், அந்தப் பொட்டிய எறக்கிப்போடுங்க. இன்னும் ஏதாச்சும் சில்லறையா கழட்டிப்போட்டா சரியாப் போயிரும். கேமரா இருக்கட்டும். நிலாவுல நம்ம கம்பெனி எடுத்த போட்டோன்னு முன்னாடி ஹால்ல பெருசா மாட்டலாம். அம்மணி பொட்டி என்னங்க பண்ணும்? கத்தும். கத்தறத எங்கீங்க மாட்டறது?"

கலைச்செல்வி பக்கத்திலேயே நின்றிருந்தார். முகம் வாடியது தெரிந்தது. ஆனால் குரல் வாடவில்லை.

"சரிங்க சார். எறக்கறதுக்கு முன்னால ஒருக்கா முழுசா எடை போட்டுப் பாத்தரலாங்களா? இதுவரைக்கும் காயிதத்துலதானுங்க கூட்டிட்டு இருக்கறோம்."

அது நியாயம். எங்கள் ஊரில் யாரும் ஒரு கணக்கை உள்ளது உள்ளபடி சொல்ல மாட்டோம். விருந்துக்கு நூறு பேர் என்றால் சமையல்காரரிடம் நூற்றிருபது என்போம், அவர் நூற்றைம்பதுக்கு அரிசி போடுவார். அதே மாதிரி ஒவ்வொருவரும் தன் பாகத்தின் எடையைக் கொஞ்சம் கூட்டித்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். கடைசியில் நானும் என் பங்குக்கு ஒரு கை போட்டிருந்தேன். உண்மை எடை யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தொழிற்சாலையில் இரண்டு தராசுகள் இருந்தன. ஒன்று ஆய்வறை மேசையில் வைத்தது, ஐந்து கிலோவுக்கு மேல் வைத்தால் பொறுக்காது. இன்னொன்று லாரியோடு ஏற்றி எடை போடும் மேடை. அதில் எங்கள் கலத்தை வைத்துப் பார்த்தோம். முள் அசையவில்லை. அப்படிப் பார்த்தால் நாங்கள் மிகப் பெரிய சாதனை செய்திருந்தோம்.

"எங்க மாமன் கொப்பரைக் களத்துல நல்ல தராசு இருக்குதுங்ணா," என்றார் ராஜேந்திரன். "போன மாசந்தான் முத்திரை போட்டுட்டுப் போனாங்க."

நிலாவுக்குப் போக வேண்டிய கலத்தை ஜமக்காளத்தில் சுற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் போனோம். களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எடை போடுகிற பழனிச்சாமி மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். தராசுப் பலகை எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததால் ஜமக்காளத்தைப் பிரிக்காமலே தூக்கி வைத்தோம்.

"சாமி சிலைங்களா?" என்று கேட்டார் பழனிச்சாமி.

"இல்லீங்க. நிலாவுக்குப் போறது."

"அட. நல்லாக் காய வெச்சுத்தான கொண்டாந்தீங்க?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தராசுத் தண்டில் குண்டை நகர்த்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மூட்டைக்குச் சொல்கிற அதே ராகத்தில் சத்தமாகச் சொன்னார்: "அம்பத்தொம்பதே முக்கால்."

ராஜேந்திரன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் சாலையைத் தாண்டி எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடி முதலாளியைக் கூப்பிட்டேன். கேமராவும் இருக்கும், பெட்டியும் இருக்கும், ஒன்றையும் இறக்க வேண்டாம் என்றேன். அவர் சந்தோஷத்தில், "நானே அங்க வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நல்ல செய்தியை அவசரமாகச் சொல்வதில் எனக்கு எப்போதுமே திறமை உண்டு.

திரும்பி வந்தபோது ராஜேந்திரன் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கலைச்செல்வி தனக்கு வெட்டிய இளநீரைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் நின்றார்.

"அண்ணா, நான் அவருக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தனுங்க. தண்டுல குண்டு அறுபத்திரண்டத் தாண்டி இருந்துது. அவரு சொன்னது வேற."

"வெயில்ல உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது அம்மணி," என்றேன்.

"தெரிஞ்சுதுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெட்டி அவருடையது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பெட்டி கலத்திலேயே இருந்திருக்கும். நாளை வரப்போகும் குழு கையில் தராசோடு வருவதில்லை, அவரவர் சொல்லும் எடையைத்தான் முதலில் எழுதிக்கொள்வார்கள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். எனக்கு உண்மையாகவே காது கேட்காததுபோல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பழனிச்சாமியிடம் போனேன்.

"ஏனுங்க, எடையில ஏதாச்சும் கழிச்சுச் சொன்னீங்களா?"

"கழிக்காம எப்படிங்க?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "சாக்குக்கு, ஈரத்துக்கு, தூசிக்கு. இத்தன வருசமா கழிச்சுத்தான் சொல்றேன். உங்குளுக்குச் சாக்கு இல்லாததுனால கொறச்சுத்தான் கழிச்சேன்."

"இதுல ஈரமே இல்லீங்களே."

"காலைல பனி பேஞ்சுதில்லீங்க."

ஜமக்காளத்தை அவிழ்த்து, பலகையைத் துடைத்து, மறுபடி வைத்தோம். இந்தத் தடவை நாங்கள் மூவரும் தண்டின் மேலேயே குனிந்து நின்றோம். அறுபத்தொன்று, அதற்கு மேல் ஒரு இழை.

"கலத்தோட உடம்புத் தகட்டுத் தடிமனைக் குறைக்க முடியுமா?" என்று ராஜேந்திரனைக் கேட்டேன்.

"முடியுங்ணா. ஒரு வாரம் வேணும்."

"மொதல்லயே ஏன் மெல்லிசாப் போடல?"

"தூக்கிப் பாத்தா வெத்துப் பொட்டியாட்டம் இருக்கக் கூடாதில்லீங்ணா."

"நிலாவுல யாருய்யா தூக்கிப் பாக்கறாங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் களத்து வாசலில் முதலாளியின் அம்பாசிடர் வந்து நின்றது. கையில் மைசூர்பா டப்பாவோடு இறங்கினார். காய்ந்துகொண்டிருந்த கொப்பரையை மிதிக்காமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். என் வாழ்நாளில் ஒரு மைசூர்பா டப்பாவைப் பார்த்து நான் பின்வாங்கியது அன்று மட்டும்தான்.

சொன்னேன். பழனிச்சாமி கழித்ததைச் சொன்னேன், உண்மை எடையைச் சொன்னேன். போனில் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். கலைச்செல்விதான் கண்டுபிடித்தார் என்பதை வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன்.

முதலாளி மைசூர்பா டப்பாவை ஒரு மூட்டைமேல் வைத்தார்.

"கழிவு போட்டுச் சொல்றது ஊர் வழக்கந்தானுங்க. இதுல என்னங்க தப்பு? எல்லாரும் ஒத்துக்கறாங்க."

"ராக்கெட்டு ஒத்துக்காதுங்க," என்றேன்.

"அப்பப் பொட்டிய எறக்குங்க. சோலி முடிஞ்சுது."

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அவர் சொன்னதற்குச் சரிங்க என்று தலையாட்டியிருந்தால் என் சம்பளத்துக்கு எந்தக் கேடும் இல்லை. கிலோ கணக்கும் சரியாகியிருக்கும். ஆனால் சின்னக் கலம் என்பது பெரிய கலத்தைச் சுருக்கிச் செய்தது அல்ல. அது ஒரே ஒரு வேலைக்காகப் போகிறது. அந்த வேலையை இறக்கிவிட்டு மற்றதையெல்லாம் அனுப்பினால், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை விட்டுவிட்டு நாதஸ்வரத்தை மட்டும் அனுப்பிய மாதிரிதான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த விண்வெளிச் சொற்கள் எல்லாம் அவருக்குப் பிடிக்காத சொற்கள். ஆகவே எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயத்துக்குப் போனேன்.

"ஏனுங்க, புதுசா ஒரு தோட்டத்துல மோட்டார் எறக்கறோம். கெணறு எத்தன ஆழம்னு பாக்காம எறக்குவீங்களா?"

"எப்படிங்க எறக்கறது? மொதல்ல கயித்துல கல்லக் கட்டி விட்டுப் பாப்போம்."

"அந்தக் கல்லுக்குள்ள வெளக்குப் போட்டு, கெணத்துக்குள்ள போட்டோ எடுக்கச் சொல்லுவீங்களா?"

அவர் தூக்கிப் பிடித்திருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"நம்முளுது அந்தக் கல்லுதானுங்க. பொறவு வாரவங்க எறங்கறதுக்கு முன்னால விட்டுப் பாக்கற கல்லு. போட்டோ நெறையப் பேரு எடுத்துப்போட்டாங்க. நம்ம கேமரா அவங்க எடுத்ததவிட நல்லா எடுக்காதுங்க. ஆனா எங்க கனம், எங்க லேசுன்னு தாழப் பறந்து பாத்துச் சொல்றதுக்கு இன்னும் வேல பாக்கி இருக்குது. அதுக்கு அம்மணி பொட்டி போதும்."

முதலாளி கலைச்செல்வியிடம் திரும்பினார். "ஏங்கண்ணு, நீ சொல்லாம இருந்திருந்தா உம்பட பொட்டி தப்பிச்சிருக்குமல்ல?"

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்குச் சொன்ன?"

"அளக்கற பொட்டிங்க அது. பொய் எடையில ஏத்தி அனுப்பிப்போட்டு, அது சொல்றத நம்புங்கன்னு நான் எப்படிங்க சொல்றது?"

முதலாளி கலத்தின் பக்கம் திரும்பினார். பிறகு ராஜேந்திரனிடம் கையை நீட்டி, "ஸ்குரூ டிரைவரக் கொடுங்க" என்றார். தானே குனிந்து கேமராவைக் கழற்றினார். ஒரு திருகு கொப்பரைக்குள் விழுந்து நாங்கள் நான்கு பேரும் தேடினோம். கழற்றிய கேமராவைத் துண்டில் சுற்றி, குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

"எம்பட ஊட்டுல அடுத்த கல்யாணத்துக்கு ஆச்சு," என்றார். மைசூர்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டார். பழனிச்சாமி ஒரு துண்டு கழித்துக்கொண்டு மீதியை எங்களிடம் கொடுத்தார்.

மறுநாள் ஆய்வுக் குழு வந்தது. கேமரா இல்லாமல் மறுபடி போட்டு, அறுபதுக்குள் வந்த உண்மை எடையைச் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். குழுவின் தலைவர் ஒல்லியான மனிதர், சிரிக்காத முகம், சென்னைப் பேச்சு. பெட்டியை நீண்ட நேரம் பார்த்தார்.

"நிலாவோட பின்பக்கம் போனா என்ன பண்ணுவீங்க?"

"கேக்காதுங்க சார்," என்றார் கலைச்செல்வி.

"அப்போ பாதி நிலாதான் அளப்பீங்க."

"பாதிதானுங்க. மீதிக்கு, அது அனுப்பற அலைய வாங்கி இங்க சொல்றதுக்கு இதே மாதிரி இன்னொரு சின்னக் கலம் கூடப் போகணும். ஒண்ணே எல்லாத்தையும் பாக்காதுங்க."

தலைவர் தலையாட்டினார். "சரி. ஆனா பெட்டி சொல்ற மாதிரி வேலை செய்யும்னு நான் எப்படி நம்பறது? இங்க நிலா இல்ல."

"டெம்போ இருக்குதுங்க," என்றார் கலைச்செல்வி.

அவருடைய யோசனை எளிமையானது. பெட்டியை டெம்போவில் வைத்துச் சாலையில் ஓட்டுவது. தொழிற்சாலைக்கு முன்னால் சாலை வெகுதூரம் நேராகப் போகிறது. இங்கே தொழிற்சாலைக் கொட்டகையில் இருந்தபடி, கருவி காகிதத்தில் கோடாக வரைகிற அலை மாற்றத்தை மட்டும் வைத்து வண்டி என்ன செய்கிறது என்று அவர் சொல்ல வேண்டும். அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். தலைவர் பைனாகுலரோடு தொழிற்சாலை மாடியில் நின்று சரிபார்ப்பார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார ஓர் ஆள் வேண்டும். அந்த நேரத்தில் வேறு எதற்கும் பயன்படாதவன் நான்.

"போயிட்டு நிக்காம வந்தருங்ணா," என்றார் கலைச்செல்வி.

போனோம். மடியில் பெட்டி, மனசு லேசாக இருந்தது. முந்தின நாளெல்லாம் பதற்றத்தில் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாலையோரம் ஒரு கடையில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் இந்த இடம் புளியமரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கூட்டல் எனக்கு ஓரளவு வரும் என்று முன்பே சொன்னேன். டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். எஞ்சினை அணைக்க வேண்டாம், ஒரு நிமிஷ வேலை என்றேன். பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன்.

கொட்டகையில் நடந்ததை ராஜேந்திரன் பிறகு நடித்தே காட்டினார்.

"இப்ப வேகத்தடை ஏறுதுங்க," என்று சொல்லிக்கொண்டு வந்தாராம் கலைச்செல்வி. மாடியிலிருந்து தலைவர், "சரி" என்றாராம். "இப்ப வேகம் கூடுது." "சரி." "இப்ப நின்னுட்டாங்க." மாடியில் சத்தமில்லை. "எனக்கு வண்டியே தெரியல, மரம் மறைக்குது. பழுதா?" என்று கேட்டுக்கொண்டே தலைவர் கீழே இறங்கி வந்திருக்கிறார்.

"பழுது இல்லீங்க சார். எஞ்சின் நடுக்கம் தெரியுது பாருங்க, இந்தச் சின்ன அலை. வண்டி ஓடிட்டுத்தான் இருக்குது. இதுக்கு முன்னால இங்க ஒரு குதி குதிச்சிருக்குது பாருங்க. அது அண்ணன் எறங்கினதுங்க."

"எதுக்கு இறங்கினார்?"

"அது பொட்டிக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். அங்க ஒரு பஜ்ஜிக் கடை இருக்குதுங்க."

இது எதுவும் தெரியாமல் நான் வாயைத் துடைத்துக்கொண்டு, பொறுப்பான முகத்தோடு, பெட்டியை ஏந்திக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முதலாளி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிக்காத முகத் தலைவர் என் அருகே வந்தார்.

"வழியில எங்கயாவது நின்னீங்களா?"

"இல்லீங்களே சார். நேரா வந்துட்டோம்."

அவர் வரைபடக் காகிதத்தை என் முன்னால் நீட்டினார். மேலும் கீழும் ஓடிய கோடு ஓரிடத்தில் சமதரையாகப் படுத்துக் கிடந்தது.

"எத்தனை சாப்பிட்டீங்க?"

"மூணுங்க," என்றேன்.

அவர் சிரித்தார். அவர் குழுவில் இருந்தவர்களே அவர் பல்லை அன்றுதான் பார்த்திருப்பார்கள் போல. பிறகு கலைச்செல்வியிடம் திரும்பிச் சொன்னார்: "உங்க கலத்துக்கு இடம் கிடைக்குமான்னு இப்ப நான் சொல்ல முடியாது. அதோட உடம்பு கனம், இன்னும் மெலியணும். ஆனா முதல்ல போற கலம் யாரோடதா இருந்தாலும் இந்தப் பெட்டி அதுல இருக்கணும்னு எழுதப்போறேன். பெட்டியோட நீங்களும் வரணும். வருவீங்களா?"

"வாரேனுங்க," என்றார் கலைச்செல்வி.

ராஜேந்திரன் கலத்தின் உடம்புத் தகட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்ததாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. கலைச்செல்வி என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினார். என் சட்டைப் பையில் அவருக்காகப் பொட்டலம் கட்டி வாங்கி வந்த நான்காவது பஜ்ஜி இருந்தது. அதைப் பெட்டியும் கண்டுபிடிக்கவில்லை, தலைவரும் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.